"பழகுறதுக்குப் போதும்" என்ற அண்ணனுக்கு

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அன்று என் கிட்டாரைப் பார்த்து அண்ணன் ஒருவர் சொன்ன அதே வரி மூன்று நாளாகக் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

"லோக்கல் கிட்டார்தானே, பழகுறதுக்குப் போதும்."

அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நாலு பேர் ஃபோன் செய்து சொன்னீர்கள். சரி, நம்புகிறேன். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை. கிட்டாரின் தலையில் இருந்த பெயரைப் படித்தார், சொல்லிவிட்டார். என் வருத்தம் அதில்தான்.

அந்தப் பெயர் மேட்டன். பில் மே என்ற மனிதர் 1946ல் இங்கே ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் தொடங்கிய கிட்டார் கம்பெனி. மே என்ற தன் பெயரோடு டோன் என்பதைச் சேர்த்து அப்படி வைத்தார். மரவேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஜாஸ் வாசித்தவர். நல்ல கிட்டார் என்றால் அமெரிக்காவிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும் என்று இந்த நாடே நம்பிய காலம் அது. அப்போது அவர் கேட்ட பேச்சைத்தான் சனிக்கிழமை எங்கள் கூடத்தில் நானும் கேட்டேன். தொழிற்சாலை இன்று மெல்பர்னின் பாக்ஸ் ஹில்லில் இருக்கிறது. உலகம் சுற்றி வாசிக்கிற ஆஸ்திரேலியக் கிட்டார் கலைஞர் டாமி எம்மானுவேல் சிறு வயதிலிருந்து மேட்டன் வாசிக்கிறார். உலகத்தில் எந்தக் கம்பெனியும் அவருக்குக் கிட்டார் செய்துகொடுக்கும். அவர் மேடைக்கு மேடை எடுத்துப்போவது இதைத்தான், மேல்பலகையின் பூச்சு தேய்ந்து வெறும் மரம் தெரிகிற அளவுக்கு. அவர் பழகுவதற்காகவா வைத்திருக்கிறார்?

என்னுடையதை 2011ல் பழையதாக வாங்கினேன். ரிங்வுட் பக்கம் ஒரு பெரியவர் விற்றார். விரல்கள் மூட்டுவலியில் மடங்கிப்போயிருந்தன, இனி வாசிக்க முடியாது என்றார். டியூன் செய்து என் கையில் கொடுத்துவிட்டு, பின்பலகையைத் திருப்பிக் காட்டி, "இது பிளாக்வுட், நம்ம ஊர் மரம்" என்றார். தேன் நிறத்தில் கறுப்பு வரி ஓடிய மரம். வீட்டுக்கு வந்து அது என்ன மரம் என்று தேடினேன். அகேஷியா மெலனாக்சிலான்.

நான் குன்னூர்க்காரன். அந்த மரத்தின் கீழேதான் வளர்ந்தேன். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்ட சீகை வகைகளில் அதுவும் ஒன்று. சோலைக்காட்டையும் புல்வெளியையும் அடைத்துக்கொண்டது என்று இப்போது அங்கே அகற்றுகிறார்கள், அது நியாயம்தான். எங்களுக்கு அது வெறும் விறகு. அம்மா அதைப் பிளந்துதான் வெந்நீர் வைப்பார். குளிர்கால விடியலில் அடுப்பிலிருந்து வரும் அந்தப் புகை வாசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே மரம் அதன் சொந்த மண்ணில் இப்படி ஒலிக்கும் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அன்று இரவு மனைவியை எழுப்பி இதைச் சொன்னேன். இந்தக் கிட்டாரை யாராவது பெயரைப் பார்த்து எடைபோட்டால் எனக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அண்ணனிடம் இருப்பது மார்ட்டின் டி-28, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செய்தது. அருமையான கிட்டார், நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதன் பின்பலகை என்ன மரம் தெரியுமா? 1969க்குப் பிறகு அதற்கு அவர்கள் போடுவது இந்திய ரோஸ்வுட். நம் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம் பென்சில்வேனியா போய்வந்தால் மரியாதை. இங்கேயே வளர்ந்து, இங்கேயே இழைத்து, என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் ஒட்டப்பட்டால் பழகுவதற்குப் போதுமா?

என்ன பதில் வரும் என்று தெரியும். மேட்டனை ஆம்ப்ளிஃபையரில் செருகினால்தான் அழகு, வெறுமே வாசித்தால் ஒல்லியாக இருக்கும் என்பார்கள். மேட்டனின் பிக்கப், அதாவது கிட்டாரின் ஒலியை ஆம்புக்கு அனுப்பும் கருவி, நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், அதையே ஒரு குறையாகச் சொல்கிறார்கள். டி-28ன் பேஸ் என் கிட்டாரில் கிடையாதுதான். அதில் நடு ஸ்வரங்கள் முன்னால் நிற்கும். பாடுகிறவரின் குரலுக்கு வழிவிட்டு ஒலிக்கும். என் மகள் பாடிக்கொண்டே வாசிப்பவள். அவளுக்கு அதுதான் வேண்டும். மார்ட்டின் மாதிரி ஒலிக்கவில்லை என்பது எப்படிக் குறையாகும்? அது மார்ட்டின் இல்லையே.

மேல்பலகை அமெரிக்க மரமான சிட்கா ஸ்ப்ரூஸ்தானே, அப்புறம் என்ன ஆஸ்திரேலியக் கிட்டார் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். என்னுடையதில் சிட்காதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் இந்த ஊரில் வழி கண்டிருக்கிறார்கள். பன்யா என்று குயின்ஸ்லாந்தில் ஒரு மரம், பத்து கிலோ வரை கனக்கும் காய் காய்க்கும். பூர்வகுடி மக்கள் அந்தக் காய்ப்புக் காலத்தில் ஊர் ஊராக வந்து கூடி விருந்துண்ட மரம். அதை மேல்பலகையாகப் போட்டு இதே மெல்பர்னில் கோல் கிளார்க் என்ற கம்பெனி 2001லிருந்து கிட்டார் செய்கிறது. மேட்டனிலும் பன்யா உண்டு. ஒருமுறை கடையில் எடுத்து வாசித்துவிட்டுப் பேசுங்கள். விற்றால் வெளிநாட்டில் விலை போகாது என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் விற்பதற்கு வாங்கவில்லை.

கோயம்புத்தூரில் கல்லூரி படித்தபோது என்னிடம் இருந்தது கல்கத்தாவில் செய்த கிட்டார். அப்பா மூன்று மாதம் சீட்டுப் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. விடுதியில் ஒருவர் உறையைத் திறந்ததுமே, "ஃபாரின் இல்லையா?" என்று மூடிவிட்டார். நான் வாசித்ததை அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அதை யார் முன்னாலும் நான் எடுத்ததில்லை. இப்போது ஃபாரினிலேயே இருபது வருடம் இருந்துவிட்டோம். வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். இன்னும் இங்கே செய்த பொருளை ஒரு படி கீழேதான் வைக்கிறோம். இந்த ஊரில் பிறந்த பிள்ளை முன்னால் அதைச் சொல்கிறோம்.

ஆமாம், பிள்ளை முன்னால். பதினாறு வயது. இரண்டு மாதம் பழகி, முதல்முறையாக முப்பது பேர் முன்னால் வாசிக்க உட்கார்ந்தவள். இரண்டாவது பாட்டை வாசிக்காமல் ஏன் எழுந்துபோனாள் என்று சிலர் கேட்டீர்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று உங்களிடம் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிடும்போது, "அப்பா, இதை வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

பெரியவர்களை இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். நான் பெயர் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரம் எங்களுக்குச் சோறு போட்டவர் அவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது, அண்ணா.

இந்த சனிக்கிழமையும் வீட்டில்தான் இருப்போம். புதுக் கம்பி மாற்றி வைத்திருக்கிறேன். வாருங்கள். உங்கள் மார்ட்டினை விட்டுவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் இதை மடியில் வைத்து வாசியுங்கள், அவள் கேட்கிற மாதிரி.