"மலேசியான்னா சூடாத்தான் இருக்கும்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு 34 டிகிரி. வெளியே இல்லை, வீட்டுக்குள். கோலாலம்பூர் செந்தூலில் என் பெரியம்மா வாடகைக்கு இருக்கும் ஐந்தாவது மாடி வீட்டில். 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு வெப்பமானி வாங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நானே மாட்டினேன். வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவருக்கு ஒரே பதில்தான்: "ஆண்ட்டி, மலேசியான்னா சூடாத்தான் இருக்கும். காத்தாடியைக் கூட்டி வைங்க."

கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு மத்தியானம் அந்த அறையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேலே தகரக் கூரை. நடுவில் ஒரு மெல்லிய பலகை, அவ்வளவுதான். பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் ராத்திரியில்தான் கக்குகிறது. பத்து மணிக்குக் கை வைத்தால் இப்போதுதான் இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். சரி, குளித்தாவது ஆறலாம் என்றால், தண்ணீர்த் தொட்டியும் வெயிலில்தான் காய்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர்.

இது போதாதென்று வீட்டுக்காரர் ஹாலைப் பலகையால் தடுத்து, இன்னொருவருக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிறார். இருந்த ஒரே ஜன்னல் அந்தப் பக்கம் போய்விட்டது. 76 வயது பெரியம்மா இப்போது அடுப்படியில் பாய் விரித்து, பின்கதவின் இரும்புக் கம்பிக்கு நேராகத் தலை வைத்துப் படுக்கிறார். கம்பி வழியாக வரும் காற்றுக்காக! எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

வயசான உடம்பு நம் உடம்பு மாதிரி இல்லை. வியர்வை குறைந்துவிடும், தாகம் சீக்கிரம் தெரியாது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும். அறைக் காற்றே 35 டிகிரியைத் தாண்டும்போது காத்தாடி என்ன செய்யும்? அந்தச் சூட்டைத்தான் அள்ளி மேலே கொட்டும். மூன்று நாள் தொடர்ந்து 35ஐத் தொட்டாலே வானிலை இலாகா எச்சரிக்கை விடுகிறது. அது வெளியே இருக்கும் வெயிலுக்கு. தகரக் கூரைக்குக் கீழே யார் அளக்கிறார்கள்?

என் சித்தப்பா மகள் நியூயார்க்கில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்க வேண்டும். ராத்திரியில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 17. அது வீட்டுக்காரர் பொறுப்பு. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் நகராட்சியின் 311 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம். "நியூயார்க்குன்னா குளிரத்தான் செய்யும், போர்வையை இழுத்துப் போர்த்துங்க" என்று அங்கே ஒரு வீட்டுக்காரர் சட்டத்தின் முன்னால் சொல்லிவிட முடியுமா?

இங்கே 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் ஜன்னலுக்குக் கணக்கு உண்டு. குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடாவது ஜன்னல் வேண்டும், 5 விழுக்காடாவது காற்று வரத் திறக்க வேண்டும். பெரியம்மா அறையில் இரண்டுமே பூஜ்யம். ஆனால் வாடகைக்கு விடும் அறை இத்தனை டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று வீட்டுக்காரரைக் கேட்க ஒரு வரி கிடையாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் வீட்டுக்காவது ஒரு அளவு வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு, திறக்கிற ஜன்னல், நிழலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏர்கான்கூட கேட்கவில்லை.

"வாடகை குறைச்சல்னு தெரிஞ்சுதானே மேல் மாடிக்கு வந்தீங்க?" என்று போன மாதம் வீட்டுக்காரர் கேட்டார். மாதம் 650 வெள்ளி, ஒருநாள் தவறாமல் கொடுக்கிறார் பெரியம்மா. அந்தப் பணத்தில் காற்று சேராதா?

"விடு கண்ணு, அவர்கிட்ட சண்டை போடாதே, அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்கிறார் பெரியம்மா. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ மேல்மாடிகளில் வாய் திறக்காமல் வேகிறார்கள். நான் ஒரு வாரமாக ராத்திரி அளவை எழுதி வைத்திருக்கிறேன், 33க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறேன். முதலில் ஹாலைத் தடுக்கும் அந்தப் பலகை எடுபட வேண்டும்.