ஆயிரம் ரூபாய் வாங்கும் கிழவியை வரைவது சுலபம்

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். பொக்கை வாய்க் கிழவி, கிழிந்த சேலை, ஒரு கையில் ரூபாய் நோட்டு, இன்னொரு கையில் பிரியாணிப் பொட்டலம். பின்னால் ஒருத்தன் குவார்ட்டர் பாட்டிலைக் கட்டிப்பிடித்து மல்லாந்து கிடப்பான். இவர்களால்தான் நாடு உருப்படவில்லை என்கிற மாதிரி கீழே ஒரு வரி. சித்தப்பா அனுப்புவார், சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைதட்டுவார்கள். எல்லாரும் சொந்த வீடு, பென்ஷன், கார் என்று இருப்பவர்கள்தான்.

எனக்கு இந்தப் படத்தின் மேல் தீராத எரிச்சல். வாங்குகிற கை இருக்கிறது, கொடுக்கிற கை இல்லை. அந்த நோட்டு எந்த கான்டிராக்டில் அடித்த கமிஷன், எந்த ஆற்றில் அள்ளிய மணல், யார் வீட்டு மாடியில் கட்டுக் கட்டாக எண்ணி எந்த வண்டியில் ஏறித் தெருவுக்கு வந்தது என்று ஒரு கோடுகூட இல்லை. ஏன் இல்லை? கிழவி கேஸ் போட மாட்டாள். ஆள் அனுப்ப மாட்டாள். அவளிடம் வாட்ஸ்அப்பும் கிடையாது. கொடுப்பவரிடம் எல்லாமே இருக்கிறது.

நான் கடலூர்க்காரன், வேலை புதுச்சேரியில், அதனால் இரண்டு பக்கத்துத் தேர்தலையும் பார்க்கிற பாக்கியம் உண்டு. நன்னடத்தை விதிகள் வந்ததும் எல்லையில் ஆல்பேட்டையிலும் முள்ளோடையிலும் பறக்கும் படை நிற்கும். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். துறைமுகத்தில் மீன் எடுத்து விற்றுவிட்டு வருகிற சின்ன வியாபாரியிடம் என்ன ஆவணம் இருக்கும்? மீன் வாடையடிக்கிற நோட்டுதான் ஆவணம். அதை மேஜை மேல் பரப்பி ஒருத்தர் எண்ண, இன்னொருத்தர் வீடியோ எடுக்க, அந்த ஆள் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நிற்பதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும் ஓட்டுக்கு முந்தின ராத்திரி பட்டுவாடா மட்டும் ஒரு தெரு விடாமல் ஒழுங்காக நடந்துவிடுகிறது. கார்ட்டூன் என்றால் இதுதான் கார்ட்டூன். இதை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ததில்லை.

இந்த மண்ணில் இதற்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. பாரதி 1908-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது ‘இந்தியா’ பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனை முதலில் வழக்கமாகப் போட்டது அதுதான். அந்தப் படங்களை வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். பாரதியின் கேலி யார் மேல் என்று பாருங்கள்: வெள்ளைக்கார அரசாங்கம், அதன் அதிகாரிகள், அப்புறம் அவர்களுக்கு நோகாமல் மனுப் போட்டுக்கொண்டிருந்த மிதவாதிகள். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. பத்திரிகை எல்லை தாண்டி உள்ளே வரக் கூடாது என்று தடுத்தார்கள், 1910-ல் ‘இந்தியா’ நின்றே போனது. படம் மட்டுமே வருகிற ‘சித்ராவளி’ என்று ஒரு பத்திரிகை நடத்தவும் பாரதி ஆசைப்பட்டார், அதுவும் கைகூடவில்லை. சோற்றுக்கே திண்டாட்டமாக இருந்த காலத்தில் ஒரு மனுஷனுக்குக் கார்ட்டூன் பத்திரிகை மேல் ஏன் இவ்வளவு ஆசை? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கும் படம் போய்ச் சேரும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. யாருக்காகப் படம் போட வேண்டும் என்று பாரதி நினைத்தாரோ, அந்த ஆளையே இன்று படத்தில் கோமாளியாக்கி வைத்திருக்கிறோம்.

இன்றைய புதுச்சேரியில் கார்ட்டூனுக்குப் போட்டி பேனர்தான். ஆகஸ்ட் 4 என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி பிறந்தநாள் என்றால் ஊருக்குள் வந்து பாருங்கள், அந்த வருஷம் எந்தப் படம் ஓடியதோ அந்த ஹீரோவின் உடம்பில் அவர் தலை. வாளோடு நிற்பார், குதிரையில் வருவார். கட்சிக்காரர்கள் பக்தியோடுதான் வைக்கிறார்கள். இருந்தாலும் சட்டையைக் கூட இழுத்து விட்டுக்கொள்ளாத அந்த எளிமையான மனிதரை ராஜாதிராஜனாகப் பார்க்கிறபோது எனக்கு வருகிற சிரிப்பை எந்தக் கார்ட்டூனிஸ்டாலும் வரவழைக்க முடியாது.

துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, முதல்வர் நாராயணசாமி காலத்தையும் மறக்க முடியுமா? ஆளுநரை ஹிட்லராகவும் காளியாகவும் போட்டுப் போஸ்டர் ஒட்டினார்கள். 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் தெருவில் படுத்துக்கொண்டார். முதல்வர் தெருவில் படுத்துவிட்டால் கார்ட்டூனிஸ்ட் பாவம், எதை மிகைப்படுத்துவது? ஆனால் அந்த ஹிட்லர் போஸ்டரால் என்ன விளங்கியது? மீசை விளங்கியது. ஓட்டு வாங்கி வந்த அரசாங்கத்தின் கோப்பு, ஓட்டே வாங்காத ஒருவருடைய மேஜையில் போய் நிற்கிறது, இலவச அரிசியா அதற்குப் பதில் பணமா என்கிற சண்டையில் ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது, மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டசபை தீர்மானம் போடுகிறது, மறுபடியும் போடுகிறது, டெல்லி அசையவில்லை. இதையெல்லாம் வரைவதற்கு மீசை போதாது, விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கார்ட்டூன்களில் பதவி என்றாலே நாற்காலிதான். ஒருவர் காலைப் பிடித்து இழுப்பார், ஒருவர் அடியில் குழி பறிப்பார், ஒருவர் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருப்பார். பார்த்துப் பார்த்துப் புளித்துப்போச்சு. 2020 அக்டோபரில் எங்கள் மாவட்டத்திலேயே, புவனகிரி பக்கம் தெற்குத்திட்டையில் எடுத்த ஒரு போட்டோ வெளியே வந்தது. பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கிறது, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தலித் பெண். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, அதிகாரிகள் ஓடி வந்தார்கள், எல்லாம் நடந்தது. எனக்கு அன்றைக்குத் தோன்றியது, கேலிச்சித்திரக்காரர்கள் இத்தனை காலம் வரைந்த நாற்காலியெல்லாம் உவமை, இது ஒன்றுதான் நிஜ நாற்காலி. ஓட்டுப் பெட்டி கொடுத்த பதவியைச் சாதி எப்படிப் பிடுங்கித் தரையில் உட்கார வைக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எவன் காட்டிவிட முடியும்?

உடனே ஒருவர் வருவார், அப்படியானால் 2012-ல் அம்பேத்கர் கார்ட்டூனுக்கு எதிராக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தது உங்கள் சிதம்பரம் எம்.பி. திருமாவளவன்தானே, அது கருத்துச் சுதந்திரமா என்பார். கேள்வி நியாயமானதுதான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்தது அது. அரசியல் சட்டம் நத்தை, அதன் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தில் சேர்த்திருந்தார்கள். வரைந்தபோது வேலை தாமதமாவதைத்தான் கிண்டல் செய்திருப்பார்கள். ஆனால் சாட்டை யாருடைய முதுகில் எத்தனை தலைமுறையாக விழுந்தது என்று தெரிந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது படம் வேறாகிவிடுகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. புத்தகத்திலிருந்து படத்தை உருவியதுதான் எனக்கு ஒப்பவில்லை, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்தையே பாடமாக நடத்தியிருக்கலாம். அதே 2012-ல், 1965-ன் இந்தி எதிர்ப்பு மாணவர்களைக் கிண்டல் செய்த ஆர்.கே. லட்சுமணன் கார்ட்டூனுக்குத் தமிழ்நாடே கொதித்தது, கலைஞரும் ஜெயலலிதாவும் ஒரே பக்கம் நின்றார்கள். நம்மைக் கிண்டல் செய்தபோது நமக்கு வலித்ததல்லவா?

மேலே பார்த்து வரைந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதும் தெரிந்த கதைதான். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் திருடர்களோடு ஒப்பிட்டு ஒரு ஜோக். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார் ஆசிரியர் பாலசுப்ரமணியன், சபாநாயகர் பி.எச். பாண்டியன் மூன்று மாதம் கடுங்காவல் போட்டார், ஊரே சத்தம் போட்டதில் இரண்டு நாளில் விட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போய் ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கி அதை ஃபிரேம் போட்டு மாட்டினார். 2017-ல் கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லாமல் ஒரு குடும்பமே நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்தது. முதல்வர், கலெக்டர், கமிஷனர் மூவரையும் அம்மணமாக, பணக்கட்டால் மறைத்துக்கொண்டு நிற்பதாக வரைந்தார் கார்ட்டூனிஸ்ட் பாலா. சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் ஜாமீன். படம் ஆபாசம் என்றார்கள். எரிந்துபோன குழந்தைகளைவிடவா? 2025 பிப்ரவரியில் டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன், நம் ஆட்களைக் கைவிலங்கோடு விமானத்தில் ஏற்றி அமெரிக்கா திருப்பி அனுப்பிய நேரம் அது. அந்த ஒரு படத்துக்காக விகடன் இணையதளம் முழுவதையும் முடக்கினார்கள். உயர்நீதிமன்றம் சொல்லி, அந்தப் படத்தை எடுத்த பிறகுதான் தளம் திரும்பி வந்தது. எந்தக் கட்சி ஆட்சி என்றெல்லாம் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இவர்கள் எல்லாரும் மாட்டியதற்குக் காரணம், படத்தில் பெயர் இருந்தது. மூலையில் கையெழுத்து இருந்தது, பின்னால் ஒரு பத்திரிகை நின்றது. என் சித்தப்பா அனுப்புகிற கிழவிக்குக் கீழே எந்தப் பெயரும் இல்லை. இப்போது ஏஐயில் இரண்டு வரி தட்டினால் எதிர்க்கட்சித் தலைவரை என்ன கோலத்தில் வேண்டுமானாலும் செய்து தருகிறது, அதையும் கார்ட்டூன் என்று சொல்லிப் பரப்புகிறார்கள், கேட்டால் ‘எனக்கும் யாரோ அனுப்பினதுதான்’ என்று பதில்.

அதனால் நான் இப்போதெல்லாம் கையெழுத்து இல்லாத கார்ட்டூனை யாருக்கும் அனுப்புவதில்லை, குழுவிலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், சரி, போகட்டும். கடலூர், புதுச்சேரி விஷயங்களை யாராவது நன்றாக வரைந்து நீங்கள் பார்த்திருந்தால் கமெண்டில் போடுங்கள், நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்துக்காக வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் பொக்லைன் இறக்கியது, சிப்காட் தொழிற்பேட்டை நாற்றம், மூடிக் கிடக்கிற மில்கள் எதுவானாலும் சரி. வரைந்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.