குடும்பப் பகுதி: விலை மட்டும் கேட்டால் போதாது
இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் ரசிகர்கள் டிக்கெட் விலை பற்றிக் கிளப்போடு பேசுவது குறித்து ஒரு கட்டுரை படித்தேன், நன்றாகச் சொல்கிறது. கூட்டாக நின்றால் பலன் உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாளிலேயே நிர்வாகம் அந்த விலையைக் கைவிட்டது. வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆனால் மைதானத்தில் பிள்ளைகளோடு வருவோருக்கென ஒதுக்கும் குடும்பப் பகுதிக்குக் கேட்க வேண்டியது வேறு. சிறுவர் டிக்கெட் மலிவாக இருந்தும், கூட வரும் பெரியவரிடம் முழு விலை வாங்கினால் பயனில்லை. பெரியவர் ஒருவர், சிறுவர் இருவர் என்று சேர்த்து ஒரே விலை கேளுங்கள். வயது வரம்பு எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை அடுத்த வயதுப் பிரிவுக்கு ஏறும் ஆண்டில்தான் சீசன் டிக்கெட் (சீசன் முழுதுக்குமான டிக்கெட்) விலை சட்டென்று எகிறும், பல குடும்பங்கள் அங்கேதான் விட்டுப்போகின்றன.

அடுத்து, இடம். முன்வரிசைக்காரர் எழுந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு முதுகுதான் தெரியும். பிள்ளை இருக்கைமேல் ஏறும். மடங்கும் இருக்கை என்றால் கால் சிக்கும். அதனால் எழுந்து நிற்கும் பகுதிக்குப் பின்னால் குடும்பப் பகுதியை வைக்கவே கூடாது. ஒற்றை இருக்கை மிஞ்சாதபடி விற்கும் ஏற்பாடும் வேண்டும், இல்லாவிட்டால் நால்வர் குடும்பம் இரண்டிரண்டாகப் பிரிந்து உட்கார நேரும். இதெல்லாம் சீசன் டிக்கெட் புதுப்பிப்பு தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.