பைபிளில் வரும் தாவீது ராஜாவுக்கு ஒரு கல்கூட சாட்சி இல்லையா?

"தாவீது வெறும் கட்டுக்கதை, தொல்லியலில் அவர் பெயரே கிடையாது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. 1993-ல் வட இஸ்ரேலில் டெல் தான் என்ற இடத்தில், பழைய சுவர் ஒன்றில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்த கருங்கல் துண்டு கிடைத்தது, அடுத்த வருடம் இன்னும் இரண்டு துண்டுகள். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அராமிய (பழைய சிரியப் பகுதி மொழி) எழுத்து. எதிரி ராஜா ஒருவன், அநேகமாக தமாஸ்கஸின் அசகேல், இஸ்ரவேல் ராஜாவையும் 'தாவீதின் வீட்டு', அதாவது தாவீது வம்சத்து, ராஜாவையும் கொன்றேன் என்று பீற்றிக்கொள்கிறான். பகைவனே சொல்வதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

அதற்காக தாவீது ராட்சத வீரன் கோலியாத்தைக் கொன்ற கதை நிரூபணமாகிவிட்டது என்று கிளம்ப வேண்டாம், தாவீதின் காலத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் பிந்திய கல் இது, அவர் பெயரில் ஒரு வம்சம் இருந்தது என்பது வரைதான் சொல்கிறது. அவர் மகன் சாலொமோனுக்கு அதுவும் இல்லை.