மான்செஸ்டர் யுனைடெட் பையன்களை மட்டுமே வைத்து ஜெயித்ததா?

"அனுபவமெல்லாம் தேவையில்லை, 1995-96 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் முழுக்க 20 வயதுப் பையன்களை வைத்தே லீக் பட்டத்தை வென்றது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று கால்பந்து விமர்சகர் ஆலன் ஹான்சன் தொலைக்காட்சியில் சொன்னார். அவர் கணிப்பு பொய்த்தது உண்மைதான். பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் அந்த அணியில் ஆடினார்கள்.

ஆனால் கோல்கீப்பர் ஷ்மைக்கேலுக்கு அப்போது 32 வயது. கேப்டன் ஸ்டீவ் புரூஸுக்கு 35. ரசிகரைத் தாக்கியதற்கான தடை முடிந்து அக்டோபரில் திரும்பிய முன்கள வீரர் கன்டோனாவுக்கு 29. பட்டத்துக்குப் போட்டியிட்ட நியூகாசில் அணியின் மண்ணில் ஷ்மைக்கேல் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருக்க, கன்டோனா அடித்த ஒரே கோலில் வந்த 1-0 வெற்றிதான் பட்டப் போட்டியையே திருப்பியது. அதே பருவத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே. பயிற்சி முடிந்த பிறகும் அவர் தனியாகப் பயிற்சி செய்வதைப் பார்த்துத்தான் இளையவர்களும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. பெக்காம், பட், கேரி நெவில் மூவரும் 1992-லேயே எஃப்.ஏ. இளையோர் கோப்பையைச் சேர்ந்து வென்றவர்கள். இளையோர் பயிற்சியாளர் எரிக் ஹாரிசனிடம் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயின்றதால் யார் எங்கே ஓடுவார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வயதில் சிறியவர்கள்தான், சேர்ந்து ஆடுவதில் புதியவர்கள் இல்லை. இந்தச் செய்தியை நம்பி, சிறுவர் அணியிலிருந்து மூத்த ஆட்டக்காரர்களைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.