இருபது ரூபாய்ப் பத்திரம் தத்து ஆகாது

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் கலெக்டரே தருகிறார் என்று தத்தெடுப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் எங்கள் காசிமேட்டில் பலருக்கு இன்னும் இருபது ரூபாய் முத்திரைத்தாள்தான் சட்டம்.

என் பெரியம்மா, தன் தங்கையான என் சித்தியின் மூன்றாவது மகளை வாங்கி வளர்த்தார். பத்திரம் எழுதுபவர் ஒருவர் மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "இனி பயமில்லை அம்மா" என்றாராம். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார், நான்காக மடித்து, மடிப்பு கிழியும் வரை. பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் அது வெறும் தாள் என்று தெரிந்தது. பிறப்புச் சான்றிதழில் சித்தியின் பெயர்தானே இருந்தது!

நாங்கள் கிறிஸ்தவர்கள், 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. அதைக்கூட அந்த ஆள் கேட்கவில்லை. இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒரு பெண்மணிதான் வழி காட்டினார்: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்தெடுப்புக்கு மதம் தடையில்லை; பெற்றவர்களின் சம்மதம் வேண்டும், ஐந்து வயது தாண்டிய குழந்தையின் சம்மதமும் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பித்தோம்.

பெண்களுக்கு இந்தச் சட்ட உதவியில் வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100. இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது பெற்றோர் ஒப்படைத்த குழந்தையைச் சட்ட நடைமுறை இல்லாமல் நேரடியாகத் தத்தெடுப்பது குற்றம், மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம் என்பதையும்தான்.