வால்யூம் கூடினால் பங்கு இறங்கவே இறங்காதா?

"52 வார உச்சத்தை இரண்டு மடங்கு வால்யூமோடு உடைத்த பங்கு இறங்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

52 வார உச்சம் என்பது கடந்த ஓராண்டில் பங்கு தொட்ட அதிகபட்ச விலை. வால்யூம் என்பது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு ஒருவர் 1,000 பங்கு வாங்கி, பதினொன்றுக்கு விற்றுவிட்டால் கணக்கில் 2,000 ஏறும். அவர் டீமேட் கணக்கில் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) ஒரு பங்கும் தங்காது. அதனால்தான் டெலிவரி சதவீதத்தையும், அதாவது கைமாறியதில் அன்றே விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குப் போன பங்குகளின் விகிதத்தையும், பார்க்கச் சொல்கிறோம். அது என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் தினமும் மாலை இலவசமாகக் கிடைக்கும். மொத்தமாகக் கைமாறிய பெரிய பரிவர்த்தனைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளைக் கொண்ட குறியீடான நிஃப்டி உச்சம் தொட்டாலும் இதே கதைதான். நாலைந்து பெரிய பங்குகளே குறியீட்டைத் தூக்கிவிடும். அன்று ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்று பாருங்கள். இறங்கியவை அதிகமென்றால் அந்த ஏற்றத்துக்குக் கால் பலமில்லை. சரி, எல்லாம் பொருந்தினாலும் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது.

வால்யூமைச் செயற்கையாகவும் ஏற்றலாம். சாதனா பிராட்காஸ்ட் பங்கில் 2022-ல் பொய்யான யூடியூப் வீடியோக்கள் வந்தபின் விலையும் வால்யூமும் எகிறின. அந்த நேரத்தில் ஏற்கெனவே பங்கு வைத்திருந்த நிறுவனத் தரப்பினர் உள்ளிட்டோர் விற்று வெளியேறியதை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2023 மார்ச் இடைக்கால உத்தரவு விவரிக்கிறது. செபி தளத்தில் படிக்கலாம். மாட்டிக்கொண்டவர்கள் சிறு முதலீட்டாளர்கள்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.